மீட்டெடுத்த விஎம், மீந்து கிடக்கும் நிலைக்கோப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

மாலையில் "விர்ஷ் சேவ்" கொடுத்து ஒரு விஎம்மை (மெய்நிகர் இயந்திரத்தை) உறங்க வைக்கிறீர்கள். விர்ஷ் என்பது விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் கட்டளைக் கருவி. காலையில் "விர்ஷ் ரெஸ்டோர்". விட்ட இடத்திலிருந்தே எழுந்துவிடுகிறது. திறந்து வைத்திருந்த எடிட்டரில் கர்சர்கூட அதே வரியில் துடிக்கிறது. ஆனால் எழுப்பப் பயன்பட்ட அந்த 4 ஜிபி கோப்பு அதே அடைவில் அப்படியே கிடக்கிறது. லிப்விர்ட் அதைத் தானாக அழிப்பதில்லை, அழிக்கட்டுமா என்று கேட்பதும் இல்லை. நான் கைவைத்த கேவிஎம் (லினக்ஸ் கெர்னலின் விஎம் வசதி) கோளாறுகளில் மோசமானவையெல்லாம் இப்படி மீந்து கிடந்த ஒரு கோப்பில் தொடங்கியவைதான்.

அந்த நிலைக்கோப்பில் இருப்பவை: கெஸ்ட்டின் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்தின்) ரேம், சிபியு பதிவகங்கள், மெய்நிகர்ச் சாதனங்களின் நிலை, விஎம்மின் எக்ஸ்எம்எல் வரையறை. டிஸ்க் அதில் இல்லை. டிஸ்க் தனியே ஒரு கியூகவ்2 என்ற டிஸ்க் வடிவக் கோப்பிலோ, ஹோஸ்ட்டின் (விஎம்மைத் தாங்கும் இயந்திரத்தின்) எல்விஎம் பகுதியிலோ இருக்கிறது. பல குழப்பங்களுக்கு இந்தப் பிரிவுதான் வேர்.

ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் எந்தப் பக்கம் காலி, எதில் எழுதியாயிற்று, இன்னும் எதை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. அவர் அசந்து தூங்கும்போது வேறொருவர் வந்து அதே பேரேட்டில் இரண்டு நாள் கணக்கு எழுதிவிட்டுப் போகிறார். விழித்தவர் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. 41ஆம் பக்கம் காலி என்று நினைவிருக்கிறது, நேரே அங்கே எழுதத் தொடங்குகிறார். கெஸ்ட்டின் கெர்னல் அந்தக் கணக்குப்பிள்ளை. தலையில் இருப்பதுதான் நிலைக்கோப்பு. தூங்கிய நேரத்துக்கும் விழித்த நேரத்துக்கும் நடுவே டிஸ்க் மாறியிருக்கக் கூடும் என்ற சந்தேகமே அதற்கு வராது.

இதில் இரண்டு வகை உண்டு. "விர்ஷ் சேவ்" நீங்கள் சொன்ன பெயரில் கோப்பை எழுதும். எழுப்பிய பிறகும் அது இருக்கும். "விர்ஷ் மேனேஜ்டுசேவ்" தன் கோப்பை /வார்/லிப்/லிப்விர்ட்/கியூஎமு/சேவ் அடைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த "விர்ஷ் ஸ்டார்ட்" அதிலிருந்து எழுப்பி, வெற்றி பெற்றால் கோப்பை அழித்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸ்காரர்களுக்கு இரண்டாவது பழக்கம்தான் இயல்பு என்பதால், கேவிஎம்முக்கு வந்ததும் முதல் வகையில் சறுக்குகிறார்கள்.

கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

அறிகுறி: எழுப்பிய சிறிது நேரத்தில் கோப்பு முறைமை ரீட்-ஒன்லி ஆகிவிட்டது, அல்லது கோப்புகள் உளறுகின்றன

இதற்காக வந்தவர்கள் மேலே படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஹோஸ்ட்டில் "விர்ஷ் டெஸ்ட்ராய்" கொடுத்து அந்த விஎம்மை உடனே வெட்டுங்கள். "ஷட்டவுன்" வேண்டாம். ஒழுங்காக அணைக்கச் சொன்னால், தலையில் மிச்சமிருக்கும் தவறான கணக்கு முழுவதையும் டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் கெஸ்ட் படுக்கும். பிளக்கைப் பிடுங்குவது அநாகரிகமாகத் தோன்றும்; இந்த ஒரு இடத்தில் அதுதான் முதலுதவி.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்கு சர்வர், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உள்ள டிஸ்க். வெள்ளி மாலை மின்வெட்டு, யுபிஎஸ் கத்தத் தொடங்கியதும் "விர்ஷ் சேவ்" கொடுத்தேன். சனி காலை "ரெஸ்டோர்". நன்றாக ஓடியது. திங்கள் மதியம் நான் ஏதோ சோதனை செய்யப் போய் விஎம் உறைந்தது. வெட்டினேன். அடைவில் வெள்ளிக்கிழமைக் கோப்பு இருந்தது. ஒருமுறை வேலை செய்ததே, இன்னொரு முறையும் செய்யும் என்று அதிலிருந்தே மீண்டும் எழுப்பினேன். பிழைச்செய்தி ஏதும் வரவில்லை, உள்நுழையவும் முடிந்தது. இருபது நிமிடம் கழித்துப் பக்கத்து மேசையிலிருந்து கேள்வி: "சனிக்கிழமை போட்ட பில் எல்லாம் எங்கே சார் போச்சு?"

பில்கள் அந்த நேரத்தில் டிஸ்க்கில் இருந்தன. வெள்ளிக்கிழமைப் பேஜ் கேஷை (டிஸ்க் தரவின் ரேம் நகலை) வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்த கெஸ்ட்டுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த இருபது நிமிடமும் அது புதிய பதிவுகளை, காலி என்று தான் நினைத்த பிளாக்குகளில் எழுதிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையே அந்த பிளாக்குகள் நிரம்பியிருந்தன. ஒரு பில் கோப்பைத் திறந்தேன்; உள்ளே லாக் ரொட்டேட்டின் வரிகள். டி-மெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) எக்ஸ்ட்4 "அழிக்கப்பட்ட ஐநோடைச் சுட்டுகிறது" என்று ஒரு வரி, அடுத்து "ரீமவுண்டிங் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி". அதன்பின் எந்த அடைவைப் பட்டியலிட்டாலும் இன்புட்/அவுட்புட் பிழை.

கோப்பு முறைமைக்கு ஏற்ப முகம் மாறும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் நினைவகத்தில் தரவு பழுது என்று அறிவித்துத் தானே கடையைச் சாத்திக்கொள்ளும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் "பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்டு" என்ற வரி, எதிர்பார்த்த எண் ஒன்று, கிடைத்த எண் வேறு. விஎம்முக்குள் மைஎஸ்க்யூஎல்லின் தரவுச் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இருந்தால், பக்கத்தின் லாக் வரிசை எண் "எதிர்காலத்தில்" இருக்கிறது என்று புலம்பும். பிடிஆர்எஃப்எஸ்ஸும் இன்னோடிபியும் சொல்லும் செய்தியில் காரணமே ஒளிந்திருக்கிறது: தலையும் பேரேடும் வெவ்வேறு நாளைச் சேர்ந்தவை.

உறுதி செய்ய இரண்டு தடயங்கள் உண்டு. ஹோஸ்ட்டில் "ஸ்டேட்" கட்டளையால் நிலைக்கோப்பின் மாற்ற நேரத்தையும் டிஸ்க் கோப்பின் மாற்ற நேரத்தையும் ஒப்பிடுங்கள். சேமித்து முடித்த கையோடு லிப்விர்ட் நிலைக்கோப்பின் தலைப்பைத் திருத்தி எழுதுகிறது. ஆகவே நிலைக்கோப்பின் நேரம் டிஸ்க்கைவிடச் சற்றுப் பிந்தியதாக இருக்க வேண்டும். டிஸ்க் மணிக்கணக்கில் பிந்தியிருந்தால் அந்த நிலைக்கோப்பு கிழித்த டிக்கெட். எல்விஎம் போன்ற பிளாக் சாதனங்களில் இந்தச் சோதனை பலிக்காது. "சிபி" கொண்டு நேரத்தைக் காப்பாற்றாமல் நகலெடுத்த கோப்புகளிலும் பலிக்காது.

இரண்டாவது தடயம் /வார்/லாக்/லிப்விர்ட்/கியூஎமு அடைவில், விஎம்மின் பெயரிலேயே இருக்கும் லாக். ஒவ்வொரு துவக்கத்துக்கும் நேரமும் முழுக் கட்டளை வரியும் அதில் பதிவாகும். நிலைக்கோப்பிலிருந்து எழுந்த துவக்கங்களில் "-இன்கமிங்" என்ற சொல் இருக்கும், புதிதாக பூட் ஆனவற்றில் இருக்காது. சேமித்த நேரத்துக்குப் பின் இரண்டு துவக்கங்கள் இருந்து, பிந்தியது அதே கோப்பிலிருந்து எழுந்த "-இன்கமிங்" என்றால் கதை முடிந்தது. என் லாக்கில் சனி காலை ஒரு "இன்கமிங்", திங்கள் மதியம் இன்னொன்று. வேறு யாரையும் கைகாட்ட வழியே இல்லை.

மீட்பு வேலையை அசல் டிஸ்க்கில் செய்யாதீர்கள். "கியூஎமு-இமேஜ் கிரியேட்" கொண்டு அசலைப் பின்னணியாக வைத்து ஒரு மேலடுக்கு கியூகவ்2 உருவாக்கி, அதை ஒரு மீட்பு விஎம்மில் இணையுங்கள். எழுதப்படுவதெல்லாம் மேலடுக்கில் விழும், அசல் தொடாமல் இருக்கும். முதலில் "இ2எஃப்எஸ்சிகே"யை -எஃப் -என் கொடுத்து, எதையும் திருத்தாமல் பார்க்க மட்டும் ஓட்டுங்கள். சில பத்து வரிகள் என்றால் -ஒய் கொடுத்துத் திருத்தலாம். திரை நிற்காமல் ஓடினால் திருத்துவதால் பயனில்லை: கோப்பு முறைமை சுத்தமாகிவிடும், உங்கள் கோப்புகள் லாஸ்ட்-ஃபவுண்ட் அடைவில் எண்களாகக் கிடக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு "எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர் -என்". பிடிஆர்எஃப்எஸ்ஸில் "செக் --ரிப்பேர்" பக்கம் போகாமல், ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து கிடைப்பதை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்எஸ்சிகே பச்சைக்கொடி காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். அது பார்ப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை மட்டும். ஒரு கோப்பின் நடுவே வேறொன்றின் 4 கேபி புகுந்திருந்தால் அதற்குத் தெரியாது. தரவுத்தளம் இருந்தால் முழு டம்ப் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் வாசித்தாக வேண்டும் என்பதால் பழுது அங்கே தலைகாட்டும். நான் கடைசியில் வெள்ளி இரவு பேக்கப்பைத்தான் போட்டேன். சனிக்கிழமை பில்கள் காகிதத்திலிருந்து மீண்டும் உள்ளே ஏறின.

அறிகுறி: விஎம் அணைந்திருந்தபோது டிஸ்க்கில் செய்த மாற்றம் காணாமல் போகிறது

மேலே சொன்னதன் தம்பி இது. ஆனால் வந்து சேரும் வழி வேறு. கவனமானவர்களே இதில் விழுகிறார்கள்.

ரூட் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று வையுங்கள். "விர்ஷ் லிஸ்ட் --ஆல்" பார்க்கிறீர்கள், "ஷட் ஆஃப்" என்று இருக்கிறது. நல்லது என்று "விர்ட்-கஸ்டமைஸ்" கொண்டு டிஸ்க்குக்குள் புதுக் கடவுச்சொல் வைக்கிறீர்கள். "விர்ஷ் ஸ்டார்ட்". பழைய உள்நுழைவுத் திரை, யாரோ திறந்துவைத்த நிரல்களோடு. புதுக் கடவுச்சொல் ஏற்கவில்லை.

அந்த விஎம் அணைந்திருக்கவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜ்டுசேவ் செய்யப்பட்ட விஎம்மையும் சாதாரணப் பட்டியல் "ஷட் ஆஃப்" என்றே காட்டும். வேறுபாடு தெரிய "விர்ஷ் லிஸ்ட் --ஆல் --மேனேஜ்டு-சேவ்" கொடுக்க வேண்டும். அப்போதுதான் "சேவ்டு" என்று வரும். "விர்ஷ் டாம்இன்ஃபோ"விலும் மேனேஜ்டு சேவ் என்று ஒரு வரி உண்டு. யார் சேமித்தது என்று யோசிக்கிறீர்களா? பெரும்பாலும் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சேவைதான். ஹோஸ்ட்டை மறுதுவக்கம் செய்யும்போது, அமைப்பில் ஆன்-ஷட்டவுன் மதிப்பு "சஸ்பெண்ட்" என்று இருந்தால், ஓடும் விஎம்களை அது மேனேஜ்டுசேவ் செய்துவிடும். நீங்கள் சேமித்ததாக நினைவே இருக்காது.

டிஸ்க்கைத் திருத்தும் எந்தக் கருவியும் ஓடும் விஎம்மின் மீது பாயக் கூடாது என்று அவற்றின் கையேடுகளே எச்சரிக்கின்றன. சேமித்த நிலை உள்ள விஎம்மையும் ஓடும் விஎம்மாகவே எண்ணுங்கள். கடவுச்சொல் மாற்றம், "கியூஎமு-இமேஜ் ரீசைஸ்", ஸ்னாப்ஷாட் திருப்பல், ஹோஸ்ட்டில் மவுண்ட் செய்து ஒரு கோப்பைத் திருத்துவது, எல்லாம் இதில் அடங்கும். பார்க்க மட்டும்தானே என்று ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்வதும் பாதுகாப்பில்லை: எக்ஸ்ட்4 அப்போதும் ஜர்னலை (முடிக்காத எழுத்துகளின் குறிப்பேட்டை) மீண்டும் இயக்கி டிஸ்க்கில் எழுதும், "நோலோட்" விருப்பம் கொடுத்தால் ஒழிய. உள்ளே எட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் "கெஸ்ட்ஃபிஷ் --ஆர்ஓ". அது தற்காலிக மேலடுக்கு வைத்துப் பார்ப்பதால் அசல் நனையாது.

செய்ய வேண்டியது: முதலில் எழுப்புங்கள், உள்ளிருந்து ஒழுங்காக அணையுங்கள், பிறகு டிஸ்க்கைத் தொடுங்கள். எழுப்ப முடியாது, உறக்க நிலையும் தேவையில்லை என்றால் "விர்ஷ் மேனேஜ்டுசேவ்-ரிமூவ்". இதன் விளைவு மின்சாரம் போய் வந்ததற்குச் சமம். எழுதாமல் ரேமில் இருந்தது போகும், ஜர்னல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். "ஸ்டார்ட் --ஃபோர்ஸ்-பூட்" கொடுத்தாலும் இதே விளைவுதான்.

ஏற்கெனவே டிஸ்க்கைத் திருத்திய பிறகு எழுப்பிவிட்டீர்கள் என்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். வெட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.

இதே குடும்பத்தில் தீங்கற்ற ஒன்றும் உண்டு. "விர்ஷ் எடிட்" செய்து ரேமைக் கூட்டியிருப்பீர்கள், விஎம் பழைய ரேமோடு எழும். சேமித்த நிலைக்குள் பழைய எக்ஸ்எம்எல் இருப்பதால் அதுதான் செல்லும். முழுதாக அணைத்து ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

அறிகுறி: ரெஸ்டோர் மறுக்கிறது, "ஃபெயில்டு டு கெட் ரைட் லாக்"

சந்தோஷப்பட வேண்டிய பிழை. அதே டிஸ்க்கை இன்னொரு கியூஎமு (விஎம்மை இயக்கும் நிரல்) செயல்முறை திறந்து வைத்திருக்கிறது. 2017இல் வந்த கியூஎமு 2.10 முதல் இந்தப் பூட்டு இயல்பாகவே உண்டு. "விர்ஷ் லிஸ்ட்" பாருங்கள், "ஃபியூசர்" கொண்டு டிஸ்க் கோப்பை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே விஎம்மின் நகல் ஒன்று வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டு ரெஸ்டோர் கொடுக்கலாமா? கூடாது. அது ஓடியதே போதும். டிஸ்க் மாறிவிட்டது, நிலைக்கோப்பு செல்லாது.

இந்தப் பூட்டை நம்பித் தூங்கவும் முடியாது. ஒரே நேரத்தில் இருவர் எழுதுவதைத்தான் அது தடுக்கும். என் திங்கட்கிழமைக் கூத்தைப் போல ஒருவர் பின் ஒருவராக வந்தால் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் வைக்கும்.

அறிகுறி: "சேவ் இமேஜ் இஸ் இன்கம்ப்ளீட்" அல்லது "இமேஜ் மேஜிக் இஸ் இன்கரெக்ட்"

கோப்பின் முதல் 16 பைட்டைப் பாருங்கள், "ஹெட் -சி 16" போதும். நல்ல கோப்பில் "லிப்விர்ட்கியூஎமுடிசேவ்" என்று இருக்கும். "சேவ்" இருக்க வேண்டிய இடத்தில் "பார்ட்" என்று இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோன கோப்பு. இடப் பற்றாக்குறையோ, சேமித்து முடிக்கும் முன் ஹோஸ்ட் அணைந்ததோ காரணமாக இருக்கும். 8 ஜிபி ரேம் உள்ள விஎம்முக்கு 8 ஜிபி வரை இடம் வேண்டும். இரண்டும் இல்லாமல் வேறேதோ இருந்தால் அது நிலைக்கோப்பே இல்லை. யாரோ ஜிஜிப் போட்டு வைத்திருக்கலாம்.

பாதிக் கோப்பை ஒட்டுப்போட முடியாது. எடிட்டரில் "பார்ட்"டை "சேவ்" ஆக்கிப் பார்க்கும் யோசனை எனக்கும் ஒருமுறை வந்தது. வேண்டாம். கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக பூட் செய்யுங்கள். மேனேஜ்டுசேவ் கோப்பு இப்படி அறுந்திருந்தால் லிப்விர்ட்டே அதைக் கழித்துவிட்டுப் புதிதாக பூட் செய்துவிடும். விஎம் ஏன் விட்ட இடத்தில் எழவில்லை என்ற கேள்விக்கு ஹோஸ்ட்டின் லாக்கில் பதில் இருக்கும்.

அறிகுறி: "லோட் ஆஃப் மைக்ரேஷன் ஃபெயில்டு"

யாரும் மைக்ரேஷன் செய்யவில்லையே என்று குழம்ப வேண்டாம். கியூஎமுவைப் பொறுத்தவரை கோப்பில் சேமிப்பதும் இன்னொரு ஹோஸ்ட்டுக்கு இடம்பெயர்வதும் ஒரே வேலை. வந்து சேரும் இடம் கம்பியா கோப்பா என்பதுதான் மாறுகிறது. ஆகவே இடம்பெயர்வின் நிபந்தனைகள் எல்லாம் இங்கும் செல்லும். எழுப்பும் இயந்திரம் உறங்கிய இயந்திரத்தின் அச்சாக இருக்க வேண்டும்.

இந்த வரிக்கு மேலே இருக்கும் வரியைப் படியுங்கள். "லெங்த் மிஸ்மேட்ச்" என்று பிசி.ரேம் பெயரோடு வந்தால் ரேம் அளவை யாரோ மாற்றியிருக்கிறார்கள். "அன்நோன் ராம்பிளாக்" என்றால் ஒரு சாதனம், பெரும்பாலும் நெட்வொர்க் கார்டு, இப்போதைய வரையறையில் இல்லை. சிபியு அம்சங்கள் இல்லை என்று சொன்னால் வேறு தலைமுறைச் செயலி உள்ள ஹோஸ்ட்டில் எழுப்பப் பார்க்கிறீர்கள்; "ஹோஸ்ட்-பாஸ்த்ரூ" (ஹோஸ்ட்டின் செயலியை அப்படியே காட்டும் அமைப்பு) வைத்த விஎம்களில் இது சகஜம். புதிய கியூஎமுவில் சேமித்துப் பழைய கியூஎமுவில் எழுப்புவதும் இங்கேதான் முட்டும்; ஹோஸ்ட்டின் மேம்படுத்தலைப் பின்வாங்கியவர்கள் இதைப் பார்ப்பார்கள்.

"விர்ஷ் சேவ்-இமேஜ்-டம்ப்எக்ஸ்எம்எல்" கோப்புக்குள் இருக்கும் வரையறையைக் காட்டும், "சேவ்-இமேஜ்-எடிட்" அதைத் திருத்த விடும். டிஸ்க் கோப்பின் பாதை மாறியிருந்தால், சிடி டிரைவில் இருந்த ஐஎஸ்ஓ கோப்பு அழிந்திருந்தால், பிரிட்ஜின் பெயர் மாறியிருந்தால், இந்த வழி சரி. ரேம், சிபியு, மெஷின் டைப், சாதனங்களின் முகவரி, இவற்றில் கைவைக்காதீர்கள்.

இந்த அறிகுறியில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கெஸ்ட் ஒரு நொடிகூட ஓடவில்லை, டிஸ்க்கைத் தொடவில்லை, நிலைக்கோப்பு இன்னும் கிழிக்காத டிக்கெட். பழைய கியூஎமுவை நிறுவியோ, கோப்பையும் டிஸ்க்கையும் அசல் ஹோஸ்ட்டுக்குக் கொண்டுபோயோ எழுப்பலாம். பொறுமை இழந்து "பூட்டாவது செய்து பார்ப்போம்" என்று ஒருமுறை புதிதாக ஏற்றினீர்களானால், அந்த நிமிடமே கோப்பு செல்லாக்காசு. பூட் செய்வது என்று முடிவெடுத்தால், ஸ்டார்ட் கொடுக்கும் முன் கோப்பை அழித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் நாளை இன்னொருவர் கையில் அகப்படும்.

அறிகுறி: எழுந்த விஎம்மில் நேரம் தவறு, உள்நுழைவுகள் மறுக்கப்படுகின்றன

கெஸ்ட்டுக்குத் தான் தூங்கியதே தெரியாது. நேற்று மாலை 6.10க்கு நின்ற கடிகாரம் இன்று காலை அங்கிருந்தே ஓடும். கெர்பரோஸ் என்ற உள்நுழைவு நெறிமுறை இயல்பாகப் பொறுப்பது 5 நிமிட வேறுபாடு. நேற்றிரவு புதுப்பித்த டிஎல்எஸ் சான்றிதழ் அதற்கு "இன்னும் தொடங்காத" சான்றிதழ். ஓடிபி எண்களும் பொருந்தாது.

என்டிபி (வலைவழி நேர ஒத்திசைவு) இருக்கிறதே, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு: அந்த வேலையைச் செய்யும் குரோனியின் அமைப்பில் பரவலாகக் காணும் "மேக்ஸ்டெப் 1.0 3" என்ற வரியின் பொருள், கடிகாரத்தைத் தாவிச் சரிசெய்வது துவக்கத்துக்குப் பிந்தைய முதல் 3 புதுப்பிப்புகளில் மட்டும் என்பதாகும். உறங்கி எழுந்த குரோனி அவற்றை என்றோ கடந்துவிட்டது. இனி மெல்ல இழுத்துத்தான் சரிசெய்யும். அதன் இயல்பான உச்ச வேகம் 12 நொடிக்கு 1 நொடி. 12 மணி நேரப் பின்தங்கலை ஈடுகட்ட 6 நாள் ஆகும். பழைய என்டிபிடி என்றால் வேறுபாடு 1000 நொடியைத் தாண்டியதும் வேலையை விட்டே போய்விடும்.

உள்ளிருந்து "குரோனிசி மேக்ஸ்டெப்" கொடுங்கள். கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட்டின் கட்டளையை விஎம்முக்குள் நிறைவேற்றும் சிறுநிரல்) நிறுவியிருந்தால் ஹோஸ்ட்டிலிருந்தே "விர்ஷ் டாம்டைம் --நவ்". லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் அமைப்பில் சிங்க்-டைம் மதிப்பை 1 ஆக்கினால் அது எழுப்பும் விஎம்களுக்கு இதைத் தானே செய்யும். அதற்கும் ஏஜென்ட் வேண்டும்.

பழைய டிசிபி இணைப்புகள் செத்திருக்கும், தரவுத்தள பூல்கள் முதல் கோரிக்கையில் பிழை தரும், டிஎச்சிபி குத்தகை காலாவதியாகி அதே ஐபி வேறொரு கருவிக்குப் போயிருக்கலாம். சேவைகளை மறுதுவக்கம் செய்தால் இவை தீரும்.

அறிகுறி: ஒரே நிலைக்கோப்பிலிருந்து இரண்டு விஎம், இரண்டும் "நன்றாக" ஓடுகின்றன

டிஸ்க்கையும் நகலெடுத்து, நிலைக்கோப்பையும் நகலெடுத்து, இரட்டையராக எழுப்பியிருக்கிறீர்கள். கோப்பு முறைமை உடையாது. மேக் முகவரியும் ஐபியும் மோதும், அது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பதுதான் ஆபத்து.

ரேண்டம் எண் ஆக்கியின் உள்நிலையும் ரேமில்தான் இருக்கிறது. ஒரே நிலையிலிருந்து எழும் இரண்டு விஎம்களும், அல்லது ஒரே விஎம்மே இரண்டு முறையும், ஒரே "ரேண்டம்" எண்ணைத் தரக்கூடும். 2010இல் டாமஸ் ரிஸ்டன்பார்ட்டும் ஸ்காட் யிலெக்கும் என்டிஎஸ்எஸ் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதைச் செய்துகாட்டினார்கள்: விஎம் ஸ்னாப்ஷாட்டை மீண்டும் எழுப்பினால் டிஎல்எஸ் அமர்வின் ரகசியங்கள் திரும்ப வரும், டிஎஸ்ஏ கையொப்பச் சாவியையே கறந்துவிடவும் முடியும். டிஎஸ்ஏவில் ஒரே ரேண்டம் எண்ணை இரு வேறு செய்திகளுக்குப் பயன்படுத்தினால் தனிச்சாவி கணக்குப் போட்டே வந்துவிடும்.

இதற்காகத்தான் விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற ஏற்பாடு: விஎம் பழைய நிலைக்குத் திரும்பினாலோ நகலானாலோ மாறும் ஓர் அடையாள எண். மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் சர்வர் 2012இன் ஹைப்பர்-வியோடு கொண்டுவந்தது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய டொமைன் கன்ட்ரோலர்கள் (விண்டோஸ் வலையின் பயனர் பதிவேட்டு சர்வர்கள்) தங்கள் வரிசை எண்களை மறுபடி வழங்கி ஆக்டிவ் டைரக்டரியைக் குழப்பிக்கொண்டிருந்ததும் அதன் பின்னணி. லினக்ஸ் கெர்னல் 5.18இல் ஜேசன் டோனன்ஃபெல்ட் இதற்கான டிரைவரைச் சேர்த்தார். ஐடி மாறியதும் கெர்னல் தன் ரேண்டம் குளத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் "ஜென்ஐடி" என்ற உறுப்பைச் சேர்க்க வேண்டும், அதுவும் சேமிக்கும் முன்பே. உறங்கிக்கொண்டிருக்கும் விஎம்முக்கு இப்போது சேர்த்துப் பயனில்லை.

இரட்டையரை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தால், அந்த நேரத்தில் உருவாக்கிய எஸ்எஸ்எச் சாவிகள், அமர்வு டோக்கன்கள், சான்றிதழ்கள் அத்தனையையும் புதிதாக்குங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, கோப்பு மட்டும் கிடக்கிறது

நோயே இல்லாதது போலத் தெரியும் இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இந்தக் கோப்பு ஒரு ரேம் டம்ப். கெஸ்ட்டின் டிஸ்க்கை எல்யூகேஎஸ் மறையாக்கம் போட்டுப் பூட்டியிருப்பீர்கள். திறந்த நிலையில் சேமித்தால் அந்தப் பூட்டின் மூலச்சாவி இதற்குள் பச்சையாக இருக்கிறது. ஒருமுறை என் சோதனை விஎம் ஒன்றின் கோப்பில் "ஸ்ட்ரிங்ஸ்" ஓட்டி, எனக்குத் தெரிந்த கடவுச்சொல்லைத் தேடினேன். நான்கு இடங்களில் கிடைத்தது.

ஆகவே இதைப் பொது என்எஃப்எஸ் பகிர்விலோ, எல்லோரும் வாசிக்கும் பேக்கப் அடைவிலோ வைக்காதீர்கள். உரிமையாளர் ரூட், அனுமதி 600, ஹோஸ்ட்டில் மறையாக்கம் செய்த பகிர்வு. கடைசிதான் முக்கியம்: எஸ்எஸ்டியிலும் பிடிஆர்எஃப்எஸ் போன்ற நகலெழுதும் முறைமைகளிலும் "ஷ்ரெட்" மேலே எழுதியதாகச் சொன்னாலும் பழைய பிளாக்குகள் எங்கோ மிஞ்சியிருக்கலாம். மறையாக்கத்துக்குள் இருந்தால் சாதாரண "ஆர்எம்" போதும்.

இப்போது என் கைப்பழக்கம் இது. "விர்ஷ் ரெஸ்டோர் --பாஸ்டு" கொடுத்து நிறுத்திய நிலையிலேயே எழுப்புகிறேன். "டாம்பிளாக்லிஸ்ட்" பார்த்து டிஸ்க்குகள் சரியா என்று உறுதி செய்கிறேன். நேரம் சரியாகும்வரை வெளியே பேசக் கூடாத விஎம் என்றால் "டாம்இஃப்-செட்லிங்க்" கொண்டு நெட்வொர்க் கம்பியை இறக்குகிறேன். பிறகு "விர்ஷ் ரெஸ்யூம்". அதை அடுத்த வரியிலேயே ஒரு "ஆர்எம்". இவை அத்தனையும் ஒரே ஸ்கிரிப்டில் இருக்கின்றன. நடுவில் எது தோற்றாலும் நின்றுவிடும், ரெஸ்யூம் வென்றால் கோப்பு கட்டாயம் போகும். முதலில் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் பெயர் மாற்றிய கோப்புகள் ஆறு சேர்ந்தன, எது எந்த நாளுடையது என்று எனக்கே தெரியவில்லை.

பலமுறை திரும்பிப் போக வேண்டிய பயிற்சி விஎம், சோதனை விஎம் என்றால் சேவ்-ரெஸ்டோரை அதற்கு வளைக்காதீர்கள். "ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ்" கட்டளையில் மெம்ஸ்பெக், டிஸ்க்ஸ்பெக் இரண்டையும் கொடுத்தால் நினைவகமும் டிஸ்க்கும் ஒரே நொடியில் ஜோடியாகப் பிடிபடும். கையால் செய்வதானால், சேவ் முடிந்து விஎம் நின்றிருக்கும்போதே எல்லா டிஸ்க்குகளையும் நகலெடுத்து நிலைக்கோப்போடு ஒரே அடைவில் பூட்டுங்கள். யுஇஎஃப்ஐ விஎம் என்றால் என்வி-ரேம் கோப்பையும், மென்பொருள் டிபிஎம் இருந்தால் அதன் நிலை அடைவையும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் முதலில் டிஸ்க் நகல்களைத் திருப்பி வைத்துவிட்டு, அதன்பின் ரெஸ்டோர்.